மின் மருத்துவப் பதிவேடு வந்துவிட்டது, சிகிச்சையின் தரம் கூடியதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: மருத்துவமனையில் காகித கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. தரம் உயர்ந்துவிட்டது என்கிறது நிர்வாகம். தட்டச்சு செய்தே பொழுது போகிறது என்கிறார்கள் டாக்டர்கள். இதற்கு நடுவில் உங்களைத் தரக் குழுவில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பதிவேட்டால் தரம் உயரும் என்பதற்கு ஆதாரம் உண்டா, உண்டென்றால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மென்பொருளை வாங்கிப் போட்டாலே தரம் உயருமா என்பது ஒன்று. அதில் சேர்ந்து கிடக்கும் தகவலை வைத்துத் தரத்தை உயர்த்த முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில், ஓரிரு விஷயங்களைத் தவிர, இல்லை என்பதுதான். இரண்டாவதற்கு, முடியும், ஆனால் பதிவேடு ஒரு பட்டியலைத்தான் தரும், அந்தப் பட்டியலைக் கையில் வாங்கி வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும். நான் பொது மருத்துவம் படித்து வார்டில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பல வருடங்களாக மருத்துவத் தகவல் முறைகள் பக்கம் இருப்பவன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மருந்துப் பிழைகள். பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் டாக்டர்கள் மருந்துகளைக் கையால் எழுதுவதை நிறுத்திக் கணினியில் பதிய ஆரம்பித்தபோது, யார் கண்ணிலும் படாமல் நோயாளி வரை போய்ச்சேரும் கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998இல் ஓர் ஆய்வு வந்தது. இதன் காரணம் எளிது. கையெழுத்துப் புரியாத பிரச்சினை போய்விடுகிறது, டோஸும் எத்தனை வேளை என்பதும் விடுபடாமல் கேட்கப்படுகிறது, அலர்ஜி பதிவாகியிருந்தால் கணினி தடுக்கிறது. ஆனால் இதே ஆய்வைப் பிரசங்கங்களில் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. பிழைகள் பாதிக்கு மேல் குறைந்தாலும், தடுத்திருக்கக்கூடிய உண்மையான பாதிப்புகள் சுமார் 17 சதவீதம்தான் குறைந்தன. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவில்தான் இருந்தது. பிழை குறைவதும் நோயாளிக்கு நேரும் கேடு குறைவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், உங்கள் கமிட்டியில் யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டும்போது எதனுடைய சதவீதம் என்று கேட்கத் தோன்றும்.

மருந்து எழுதும் இடத்தை விட அதைக் கொடுக்கும் இடத்தில் தடுப்பு இன்னும் முக்கியம் என்பது என் கருத்து. டாக்டர் தவறாக எழுதினால் பிடிக்க மருந்தாளர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். நர்ஸ் கை தவறினால் அதற்குப் பிறகு யாரும் இல்லை. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து உறையையும் பார்கோடு வைத்துச் சரிபார்க்கும் முறையை அதே மருத்துவமனை பின்னாளில் ஆராய்ந்தது. 2010இல் வெளியான முடிவின்படி, நேரம் தவறுவதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாக இறங்கின. உங்கள் மருத்துவமனையில் பார்கோடு கருவிகள் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, பல இடங்களில் அதுதான் நிலைமை. கருவியில் சார்ஜ் இறங்கிவிடுகிறது, மருந்து வண்டி அறை வாசலில் நுழைவதில்லை, ஈரத்தில் கைப்பட்டை அழிந்துவிடுகிறது. அப்புறம் நர்ஸ்கள் ஒரு பட்டையை அச்சடித்துச் சுவரில் ஒட்டி அதை ஸ்கேன் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். கணினிக் கணக்கில் நூறு சதவீதம் ஸ்கேன் ஆகியிருக்கும்.

நினைவூட்டல்கள் பற்றியும் நல்ல ஆதாரம் உண்டு, அதுவும் மிகப் பழையது. கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற டாக்டர் இண்டியானாபொலிசில் செய்த ஆய்வை 1976இல் வெளியிட்டார். மேசைக் கணினி பரவாத காலம். கவனிக்க வேண்டிய ஒரு நிலைமையைக் கணினி சுட்டிக்காட்டியபோது டாக்டர்கள் 51 சதவீத இடங்களில் நடவடிக்கை எடுத்தார்கள், சுட்டிக்காட்டாதபோது 22 சதவீதத்தில்தான். அவர் இதிலிருந்து எடுத்த முடிவு எனக்கு இன்றும் பிடிக்கும்: டாக்டர்கள் தவறவிடுவது தெரியாமையால் இல்லை, ஒரே நேரத்தில் தலைக்கு மேல் தகவல் குவிவதால். அப்படியென்றால் வகுப்பு எடுத்துத் திருத்த முடியாது. அந்தந்த நேரத்தில் ஞாபகப்படுத்த வேண்டும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. தள்ளிவிடுவது சோம்பல் என்று நினைக்காதீர்கள். பத்துக்கு ஒன்பது பொருத்தமில்லாமல் வந்தால் பத்தாவதை யாரும் படிக்க மாட்டார்கள். எனவே புதிய எச்சரிக்கை கேட்டு யாராவது வந்தால், அதற்கு ஈடாக எந்தப் பழைய எச்சரிக்கையை எடுக்கலாம் என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எது அதிகம் தள்ளிவிடப்படுகிறது என்ற கணக்கை எடுத்துப் பார்த்து, மேலே இருப்பவற்றை அணைத்துவிடுவதோ, டாக்டருக்குக் காட்டாமல் மருந்தாளருக்கு மட்டும் காட்டுவதோ, நான் பார்த்த இடங்களில் புதிதாகச் சேர்த்த எதையும் விட அதிகப் பலன் தந்திருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. சேர்ந்திருக்கும் தகவலை வைத்துத் தரத்தை உயர்த்துவது. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் வடக்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு, மருத்துவமனை நிறுவனம் ரத்த அழுத்தத்தில் செய்தது. 2001இல் அவர்களிடம் இருந்த உயர் ரத்த அழுத்த நோயாளிகளில் 43.6 சதவீதம் பேருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. 2009இல் அது 80.4 சதவீதம். அதே காலத்தில் அமெரிக்கா முழுவதற்குமான அளவு சுமார் 55இலிருந்து 64க்குத்தான் போயிருந்தது. இவர்கள் என்ன செய்தார்கள்? நோயறிதல், மருந்து என்று ஏற்கெனவே கணினியில் கிடந்ததை வைத்து, யாருக்கெல்லாம் உயர் ரத்த அழுத்தம் என்று ஒரே பட்டியல் தயாரித்தார்கள். தொடக்கத்தில் சுமார் மூன்றரை லட்சம் பேர், கடைசியில் ஆறரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு மையத்திலும் எத்தனை பேர் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கணக்கெடுத்து அவர்களுக்கே காட்டினார்கள். எந்த மருந்தில் ஆரம்பித்து எதற்குப் போவது என்று எளிய வழிமுறை ஒன்றை எழுதினார்கள். இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம், அழுத்தம் பார்க்க மட்டும் நோயாளி டாக்டரிடம் வர வேண்டியதில்லை, மருத்துவ உதவியாளரிடம் கட்டணமில்லாமல் பார்த்துக்கொண்டு போகலாம் என்றார்கள்.

இதில் கணினியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பட்டியலும் கணக்கும் மட்டும்தான் அது தந்தது. மீதி எல்லாம் வேலையை யார் செய்வது என்று மாற்றியமைத்தது. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் மீதி எதையும் தொடங்கியிருக்கவே முடியாது, ஏனென்றால் மருத்துவமனைக்கு வராத நோயாளியைக் காகித அலமாரி ஒருபோதும் காட்டாது. இந்த முயற்சியில் எந்தப் பகுதி எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை, ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழுவும் வைக்கவில்லை. ஒற்றை மாத்திரைதான் பாதிப் பலனைத் தந்தது என்று யாராவது வாதிட்டால் என்னால் மறுக்க முடியாது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் டேட்டாவுக்கு வருவோம். தரக் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மருத்துவமனையின் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் சர்க்கரை நோயாளி? நோயறிதல் குறியீட்டை வைத்துத் தேடினால் ஓர் எண்ணிக்கை வரும். மருந்தை வைத்துத் தேடினால் வேறு எண்ணிக்கை வரும், ஏனென்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினைக் கொடுப்பார்கள். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவை வைத்துத் தேடினால் மூன்றாவது எண்ணிக்கை. மூன்றும் பொய்யில்லை. ஆனால் எதை வகுக்கும் எண்ணாக வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் தரம் மேலேயும் போகும் கீழேயும் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துவிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஐம்பது பேரை எடுத்து அவர்களுடைய பதிவுகளை மனிதக் கண்ணால் படித்துப் பாருங்கள். பட்டியலில் வராதவர்களிலும் கொஞ்சம் பேரை எடுத்துப் படியுங்கள். அலுப்பான வேலைதான். இதைச் செய்யாமல் வரைபடம் போடுவதில் பயனில்லை.

படிக்கும்போது சில விஷயங்கள் கண்ணில் படும். அளப்பவர்கள் எண்ணை முழுமையாக்கி எழுதுவதால், ரத்த அழுத்த அளவுகள் பூஜ்யத்தில் முடிவது அதிகமாக இருக்கும். 140 என்பதுதான் உங்கள் எல்லைக்கோடு என்றால் இந்த ஒரு பழக்கமே முடிவைப் புரட்டிவிடும். நேற்றைய குறிப்பு அப்படியே இன்றும் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் குறிப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். எழுத்தில் 18 சதவீதம்தான் அன்று கையால் தட்டியது, 46 சதவீதம் பழையதிலிருந்து நகலெடுத்தது, மீதி கணினி தானாக இழுத்துப் போட்டது. காலில் புண் ஆறிப் பல வாரங்கள் ஆன பிறகும் குறிப்பில் அது ஆறாமலே இருப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. இல்லாத தகவலும் ஒரு தகவல்தான். பரிசோதனை செய்யச் சொன்னதற்கே ஒரு காரணம் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 174 வகைப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 118 பரிசோதனைகளில், நோயாளி மூன்று ஆண்டுகள் பிழைத்திருப்பாரா என்பதைக் கணிக்கப் பரிசோதனையின் விடையை விட, அதை எந்த நேரத்தில், எந்தக் கிழமையில், எவ்வளவு இடைவெளியில் கேட்டார்கள் என்பது அதிகம் உதவியது. நள்ளிரவு மூன்று மணிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனவே பதிவேட்டு டேட்டாவை ஆய்வகத்தில் அளந்த டேட்டா போலக் கருத வேண்டாம். அது மனிதர்கள் வேலை செய்த தடம்.

இதே காரணத்தால், பதிவு முறை மாறினாலே தரம் மாறியதுபோலத் தெரியும். நோயாளிகள் கீழே விழுவதைப் பதிய எளிதான படிவம் ஒன்று கொடுங்கள், அடுத்த மாதமே விழுபவர்கள் எண்ணிக்கை இரட்டிப்பாகும். யாரும் கூடுதலாக விழுந்திருக்க மாட்டார்கள். இதற்காகவே முன்பு ஓர் எண், பின்பு ஓர் எண் என்று ஒப்பிடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்து வருடம் முழுவதும் கோடாகப் போட்டுப் பாருங்கள், படிவம் மாறிய தேதியையும் ஆட்கள் மாறிய தேதியையும் அதன் மேல் குறியுங்கள். பாதி வெற்றிகள் அங்கேயே கரைந்துவிடும்.

கெடுதலும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து ஆணைகளைக் கணினிக்கு மாற்றியபோது, வேறு மருத்துவமனைகளிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாகக் கூடியது என்று 2005இல் அவர்களே வெளியிட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்து பெயர் பதிந்த பிறகுதான் ஆணை போட முடியும் என்ற நிலை, மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போனது, படுக்கையருகே இருக்க வேண்டியவர்கள் திரை முன் நின்றது என்று காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அதே நிறுவனத்தின் மென்பொருளைப் போட்ட சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடவில்லை என்று அடுத்த வருடம் இன்னோர் ஆய்வு வந்தது. இரண்டுமே முன்பு, பின்பு என்ற ஒப்பீடுகள்தான், நான் மேலே குறை சொன்ன அதே வகை. எனவே மென்பொருள் கொன்றது என்றோ காப்பாற்றியது என்றோ இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவசர நேரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே நடந்து பார்க்காமல் மாற்றக் கூடாது என்பது மட்டும் உறுதி.

டாக்டர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 57 டாக்டர்களைப் பக்கத்தில் நின்று நேரம் குறித்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது: வேலை நேரத்தில் 27 சதவீதம் நோயாளியோடு நேரடியாக, 49 சதவீதம் பதிவேட்டிலும் மேசை வேலையிலும். உங்கள் தரத் திட்டம் இன்னொரு கட்டாயப் பெட்டியை நிரப்பச் சொல்வதாக இருந்தால், அதை அவர்கள் எதையாவது போட்டு நிரப்பிவிட்டுப் போவார்கள். நீங்கள் அந்த எதையாவதை வைத்து அறிக்கை தயாரிப்பீர்கள். ஏற்கெனவே வேலையின் போக்கில் பதிவாகும் லேப் முடிவு, மருந்து, நேரம் ஆகியவற்றை வைத்து அளக்க முடிவதை மட்டும் முதலில் அளந்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்து முன்கூட்டியே கணிப்பது பற்றி விற்பனையாளர்கள் உங்களிடம் நிறையப் பேசுவார்கள். நான் இதைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் போடப்பட்டிருந்த எபிக் என்ற பதிவேட்டு மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) கணிப்பு முறையை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த நிறுவனத்தைச் சாராதவர்கள் சரிபார்த்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது கோட்டைவிட்டிருந்தது. ஆனால் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு அலர்ட் அடித்திருந்தது. இது 2021இல் வந்தது. உங்கள் சொந்த நோயாளிகளின் பழைய பதிவுகளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்க வேண்டாம்.

நோயாளிகளையே தங்கள் குறிப்புகளைப் படிக்க விடுவது மலிவான, ஆனால் பலர் பயப்படும் வழி. அப்படித் தங்கள் குறிப்பைப் படித்த இருபதாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் அமெரிக்காவில் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் தன் குறிப்பில் தவறு இருப்பதாகச் சொன்னார். அவர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அது பெரிய தவறு என்று கருதினார்கள். எல்லாம் உண்மையில் தவறுதானா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. என் அனுபவத்தில், எந்தப் பக்கம், எந்தக் கால், எந்த மருந்துக்கு ஒவ்வாமை என்பது போன்றவற்றில் நோயாளி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இதையெல்லாம் எடைபோடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2006இல் வந்த பெரிய தொகுப்பாய்வு 257 ஆய்வுகளைப் பார்த்தது. அவற்றில் கால்வாசி, சொந்தமாக மென்பொருள் எழுதிப் பல வருடம் செதுக்கிய நான்கு அமெரிக்க நிறுவனங்களிலிருந்து மட்டும் வந்தவை. கடையில் வாங்கிப் போட்ட மென்பொருளிலும் அதே பலன் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொன்னதும் வார்டு, பொது மருத்துவ நோயாளிகள் சார்ந்தது. மனநலப் பிரிவுக்கோ மகப்பேறுக்கோ இதை அப்படியே பொருத்த வேண்டாம், அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள் அல்லவா? டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்துசேரும் லேப் முடிவுகளில் ஆரம்பியுங்கள். இரண்டு மருத்துவமனைகளில் 2,644 நோயாளிகளைப் பார்த்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், 41 சதவீதம் பேருக்கு வீட்டுக்குப் போன பிறகும் ஏதோ ஒரு முடிவு வந்தது. அந்த முடிவுகளில் 9.4 சதவீதம் ஏதாவது செய்ய வேண்டிய வகை. அவற்றைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டபோது, பத்துக்கு ஆறு முடிவுகள் வந்ததே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. இதற்குப் புதிய பெட்டி எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் நேரமும் முடிவு வந்த நேரமும் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கின்றன, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் தினமும் காலையில் ஒரு பட்டியல் வந்துவிடும். அது யாருக்குப் போக வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் யார் பார்ப்பது, நோயாளியைக் கூப்பிட்டும் கிடைக்காவிட்டால் எத்தனை நாள் கழித்து யாரிடம் சொல்வது என்று துறைத்தலைவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மென்பொருள்காரர்களைக் கூப்பிடுங்கள்.